அளவு தப்பினால் பேசுகிறவர்

எடைபோடும்போது கம்பவுண்டர் அக்கா மூச்சு விடமாட்டார். முதலில் மின்விசிறியை நிறுத்துவார். சன்னலைச் சாத்துவார். என்னைப் பார்த்து உதட்டில் ஒரு விரலை வைப்பார். பிறகு முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு தராசின் முன்னால் குனிவார். அது பழைய மருந்துக்கடைத் தராசு. கண்ணாடிப் பெட்டிக்குள் ரூபாய் நாணய அகலத்தில் இரண்டு தட்டுகள். ஒரு தட்டில் நகத்துணுக்கு மாதிரி எடைக்கற்கள். அவற்றை விரலால் தொடமாட்டார், விரலின் வேர்வைகூட எடை என்பார். இடுக்கியால்தான் எடுத்து வைப்பார். மறு தட்டில் கரிய மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுவார். முள் நகரும், ஆடும், நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பும். அது அசையாமல் நிற்கும்வரை அந்த அறையில் இரண்டு பெண்களும் மூச்சில்லாமல் இருப்போம்.

"ம்" என்பார் கடைசியில். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் காற்று.

அந்த மருந்து காய்ச்சலுக்கோ இருமலுக்கோ அல்ல, துப்பாக்கித் தோட்டாவுக்கு.

விக்கிரமசிங்கபுரத்தில் மலையைப் பார்த்த கடைசித் தெருவில் அவர்கள் வீடு. வேளாண்மைத் துறையில் வேலை கிடைத்து அந்தப் பக்கம் வந்தபோது மாடியறையில் குடியிருந்தேன். கீழே மூன்று பேர். பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் மருந்து கலந்து கொடுத்து ஓய்வுபெற்ற அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய தம்பி ஜெபமணி. ஜெபமணியின் மனைவி கிரேஸ். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் படித்தார்கள்.

ஜெபமணிக்கு மலையடிவாரத்தில் நெல்வயலும் வாழைத்தோட்டமும் இருந்தன. காட்டுப்பன்றி இறங்குகிற இடம். பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்று, அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் உண்டு. பன்றியைச் சுடக்கூடாது, வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டலாம், அவ்வளவுதான். சுட்டு முடித்த தோட்டாக் குழல்களைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி மருந்து அடைப்பார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், கேட்டிருக்க வேண்டும்.

அடைக்கிற வேலை அக்காவுடையது. "அந்தக் காலத்து மருந்துச் சீட்டுலயும் கிரெயின் எடைதான், தோட்டாவுலயும் கிரெயின் எடைதான். எனக்கு என்ன வித்தியாசம்?" என்பார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக நிறுப்பார். நிறுத்ததைக் காகிதத்தில் கொட்டி, தட்டைத் துடைத்து, மறுபடியும் நிறுப்பார். இரண்டு தடவையும் ஒன்றாக வந்தால்தான் குழலுக்குள் போகும். மேலே அட்டை வில்லை, அதன்மேல் ஈய ரவை, மூடி. அடைத்து முடித்ததும் பித்தளை அடியில் ஆணியால் ஓர் எண்ணைக் கீறுவார். எந்தத் தோட்டா சரியாக வெடித்தது, எது பிசகியது என்று எண்ணைச் சொல்லி மறுநாள் தம்பியிடம் விசாரிப்பார்.

ஜெபமணிக்கு இந்த நிதானம் பொறுக்காது. சுட்ட குழல் ஒன்றின் அடியை வெட்டி, கம்பியில் காம்பு வைத்து, அளவுக்கரண்டி ஒன்று செய்து வைத்திருந்தார். ஒருநாள் அந்தக் கரண்டியை எடுத்துப் பார்த்த என்னிடமிருந்து அக்கா அதைப் பைய வாங்கி வைத்தார்.

"இது கரி மருந்துக்கு உள்ள கரண்டி. நான் நெறுத்துப் பாத்து, சரின்னு விட்டுருக்கேன். இப்ப புகையாத மருந்துன்னு ஒண்ணு வருது, பிள்ள. பாக்கப் பஞ்சு மாதிரி இருக்கும். வேகம் கரி மருந்தைவிடப் பல மடங்கு. அதை இந்தக் கரண்டியால அள்ளிப் போட்டா, குண்டு வெளிய போகாது. துப்பாக்கிக் குழாயே பிளந்து சுடுதவன் மேல வந்துரும்."

"பக்கத்துல நிக்கிறவங்க?"

"அவனுக்குப் பொறவுதான் மத்தவங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயமோ எச்சரிக்கையோ இல்லை. சோறு எத்தனை விசிலுக்கு வேகும் என்று சொல்கிற முகம்தான்.

தெருவுக்கே அவரைத் தெரிந்தது அந்த ஒரு குணத்தால். அளவு தப்பினால் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. எதிர்வீட்டுப் பெண் தன் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஒரு ஸ்பூன் கொடுத்ததாக வாசலில் நின்று யாரிடமோ சொன்னாள். அக்கா தெருவைக் கடந்து போய், "எந்த ஸ்பூன்? எடுத்துட்டு வா" என்றார். அவள் கொண்டுவந்த ஸ்பூனில் தண்ணீர் மொண்டு, கோடு போட்ட மருந்துக் குப்பியில் ஊற்றிக் காட்டினார். டாக்டர் சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. "எத்தன நாளா?" "மூணு நாளாக்கா." அக்கா அந்த ஸ்பூனை இரண்டாக வளைத்துச் சாக்கடையில் எறிந்துவிட்டு வந்தார். அந்தப் பெண் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நடந்ததை நானே பார்த்தேன். எங்கள் தெருவில் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை அடக்கம் செய்யப் போயிருந்தோம். சபை ஐயர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். விதவை விசும்புகிறாள். எல்லாரும் தலைகுனிந்து நிற்க, அக்கா மட்டும் பெட்டியையும் குழியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சு அசையாததைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, மூச்சை அடக்கி அளக்கிறார்.

"ஐயரே, ஒரு நிமிசம். குழி நீளம் நாலு விரக்கடை கொறையுது."

ஐயர் கண்ணைத் திறந்தார். யாரோ "ஏ, சும்மா இரியும்மா" என்றார்கள். அக்கா அசையவில்லை. குழிவெட்டியவர் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைப் போட்டு அளந்தார். நாலு விரற்கடை குறைந்தது. எல்லாரும் வெயிலில் நிற்க, மறுபடி மண்வெட்டிச் சத்தம். விதவை அழுகையை நிறுத்திவிட்டு அக்காவையே வெறித்தாள்.

அக்கா ஏன் இப்படி என்பதற்குத் தெருவில் இரண்டு மூன்று கதைகள் உண்டு. ஆஸ்பத்திரியில் யாரோ செய்த பிசகால் ஒரு குழந்தை போய்விட்டது என்பார்கள். இல்லை, மாப்பிள்ளையின் வயதைப் பெண்பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே கணக்குப் பார்த்துச் சொல்லித் தன் கல்யாணத்தைத் தானே நிறுத்திக்கொண்டவர் என்பார்கள். நான் நேராகவே கேட்டேன். "பெறவியிலயே இப்படித்தான்" என்று முடித்துவிட்டார்.

ஜெபமணி ஊருக்கு நல்லவர். "அண்ணாச்சி" என்று கூப்பிடாத ஆள் கிடையாது. கோயில் கொடைக்கும் சபை அசன விருந்துக்கும் வாழைக்குலை அவர் தோட்டத்திலிருந்துதான் போகும். எனக்குக்கூட வாரம் ஒரு சீப்பு மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவார். அந்தக் கைதான் கிரேஸை அடிக்கிற கை என்று தெரிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

கிரேஸ் உடன்குடிக்காரர். அதிகம் பேசமாட்டார். பிறந்த வீட்டுக்குப் போய்வந்தால் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்து எனக்கும் இரண்டு வில்லை தருவார். ஒருநாள் காலையில் தண்ணீர் பிடிக்கக் கீழே வந்தபோது அடுக்களையில் கிரேஸ் ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகில் நீளமாகக் கன்றிப்போயிருந்தது. அக்கா தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை அதன்மேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். அளந்ததைப் பழைய மருந்துச்சீட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதினார். தேதி, இடம், நீளம், அகலம். பிறகுதான் மருந்து தடவினார்.

கிரேஸ் உள்ளே போனதும் நான் மெல்லக் கேட்டேன். "எதுக்குக்கா எழுதுறீங்க?"

"அளவு தெரியாம ஒண்ணையும் பேசக்கூடாதுல்லா."

பேசவும் செய்தார். அன்று மத்தியானம் ஜெபமணி சாப்பிட உட்கார்ந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா சோற்றைப் பரிமாறிவிட்டு, புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்.

"போன மாசம் ரெண்டு இஞ்ச். நேத்து நாலரை. கூடிட்டே போகுது, ஜெபமணி."

ஜெபமணி ரசத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "அப்ப இனிமே அளந்துல்லா அடிக்கணும் போல இருக்கு. நீதான் சொல்லேன்க்கா, எத்தன இஞ்சு வரைக்கும் அடிக்கலாம்?"

என்னையும் பார்த்துச் சிரித்தார். சேர்ந்து சிரிக்கும்படி அழைக்கிற சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. வேறெதுவும் செய்யவும் இல்லை. அக்கா புத்தகத்தை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, "மோர் வேணுமா?" என்று கேட்டார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. உடன்குடியில் கிரேஸுடைய தம்பிக்கு நிச்சயம். போகக்கூடாது என்று ஜெபமணி முந்தின நாளே சொல்லியிருந்தார். கிரேஸ் எதிர்த்து ஒன்றும் பேசாமல், காலையில் குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு புறவாசல் வழியாக இறங்கினார். நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வயற்காவலிலிருந்து ஜெபமணி துப்பாக்கியோடு புறவாசலுக்கே வந்தார். பையைப் பார்த்தார். துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி, கிரேஸ் அடியில் நின்ற முருங்கை மரத்தைச் சுட்டார்.

கிளை முறிந்து கிரேஸின் தலைமேல் விழுந்தது. இலைகள் பொடிப்பொடியாக வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தன. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். புதுச்சேலை நனைந்து ஈரம் மண்ணில் பரவியது.

அக்கா கைநிறைய மாவோடு ஓடிவந்தார். "ஏலே, எதுக்குலே சுட்ட?"

"மரத்தத்தான சுட்டேன். இவளையா சுட்டேன்?" துப்பாக்கியை மடக்கிக் காலிக் குழலை உதறிவிட்டு ஜெபமணி உள்ளே போய்விட்டார்.

அக்கா குனிந்து அந்தக் குழலை எடுத்தார். சூடு ஆறாத குழல். அடியில் கீறியிருந்த எண்ணைப் பார்த்தார். "நான் அடைச்சது" என்றார், யாரிடமும் இல்லை. பிறகு கிரேஸை எழுப்பி மரத்தோடு நிறுத்தி, உச்சந்தலை வரும் இடத்தில் கையை வைத்து, அங்கிருந்து முறிந்த கிளைவரை முழம்போட்டார். ஒரு முழம்கூட முழுதாக வரவில்லை. முழங்கையை மரத்தில் ஊன்றியபடி அவர் நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை. விரல்நுனிகள் முறிந்த கிளையையும் தாண்டி நின்றன.

அன்று சாயந்திரம் தம்பியிடம் சொன்னார். "இனிமே என் கையால தோட்டா அடைக்க மாட்டேன்."

"அடைக்காட்டா போ. எனக்கென்ன கை இல்லையா?"

அதற்குப் பிறகு பிசானப் பருவ நெல் பால்பிடிக்கிற நாள் வந்தது. பால்மணத்துக்குப் பன்றிகள் கூட்டமாக இறங்கின. ஜெபமணிக்குக் கைவசம் இருந்த தோட்டாக்கள் தீர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, காலிக் குழல்களை வரிசையாக நிறுத்தினார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார். யாரிடம் வாங்கினாரோ தெரியாது. உள்ளே கரி மருந்து இல்லை. சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில்கள், பஞ்சு மாதிரி.

நான் அவர்களிடம் வாங்கிய பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்து அடுக்களை வாசலில் நின்றேன். அக்கா மேசைக்கு எதிரே மணையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜெபமணி அந்தக் கம்பிக்காம்புக் கரண்டியை எடுத்து, டப்பாவுக்குள் விட்டு, கோபுரமாக அள்ளி, விரலால் வழித்து, முதல் குழலில் கொட்டினார்.

அக்காவின் கத்தி நின்றது.

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் உதடுகள் பிரிந்தன. இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஜெபம் செய்கிற ஐயரையே நிறுத்தியவர். அப்போதுதான் கவனித்தேன், அவர் நெஞ்சு அசையவில்லை. மூச்சை அடக்கியிருந்தார். கரண்டி இரண்டாம் குழலுக்குப் போயிற்று. மூன்றாவதுக்குப் போயிற்று. கிரேஸ் தண்ணீர்ச் செம்போடு வந்து கணவர் பக்கத்தில் வைத்தார். மணிக்கட்டில் புதுக்கட்டு ஒன்று போட்டிருந்தது. அக்காவின் கண் அந்தக் கட்டில் கொஞ்சநேரம் நின்றது.

பிறகு மூச்சை விட்டார். அவரைக்காய் நறுக்கத் தொடங்கினார். எட்டுக் குழலையும் அடைத்து முடித்து ஜெபமணி நிமிர்ந்தார்.

"பாத்தியாக்கா? அரைமணி நேரத்துல எட்டு. நீயா இருந்தா ஒண்ணுக்கே இம்புட்டு நேரமாகும்."

"ஆமா" என்றார் அக்கா.

நான் பாத்திரத்தை வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன். அவர் சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. பஞ்சு மாதிரி இருக்கும், பல மடங்கு வேகம், இந்தக் கரண்டி ஆகாது. ஆனால் அக்கா வாய் திறக்கவில்லையே. அளவு தப்பினால் அவர் சும்மா இருப்பாரா? அப்படியானால் அது வேறு ஏதோ மருந்தாக இருக்கும். இப்படிச் சௌகரியமாக ஒன்றை நினைத்துக்கொண்டு மத்தியானம் தூங்கிப்போனேன். முழுத் தூக்கம்.

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரம். நானும் அக்காவும் வாசற்படியில் இருந்தோம். கிரேஸ் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். மலைப்பக்கமிருந்து சத்தம் கேட்டது. வழக்கமான வேட்டுச் சத்தம் இல்லை. குட்டையாக, தகரத்தைக் கிழித்ததுபோல. வாழைத்தோட்டத்திலிருந்து கொக்குகள் எழும்பிப் பறந்தன.

அக்கா எழுந்து நின்றார். படியின் தூணைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் அதில் ஆச்சரியமும் இல்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளி வந்துவிட்டதுபோல நின்றார். ஓடவுமில்லை, கூப்பிடவுமில்லை.

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் திரும்பியது. ஜெபமணி ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார்.

அக்கா அவரைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் செத்தவன் வாசலில் உட்கார்ந்திருந்த மாதிரி.

"நீ... நீ இங்கன என்ன செய்யுத? துப்பாக்கி எங்க?"

"எனக்கு அம்பாசமுத்திரத்துல ஒரு கூட்டம். சட்டை மாத்தணும். துப்பாக்கியச் சுடலைட்ட குடுத்துட்டு வந்தேன். ஏன்?"

சுடலை அவர்களுடைய வயற்காவல்காரர். ஐம்பது வயதுக்கு மேல். ஜெபமணி சொன்னதைச் செய்கிறவர், கொடுக்காததைக் கேட்காதவர். லைசென்ஸ் இல்லாத ஆளிடம் துப்பாக்கியைக் கொடுக்கக்கூடாது.

அக்கா செருப்புப் போடவில்லை. நான் ஸ்கூட்டியை எடுப்பதற்குள் வாய்க்கால் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது சுடலை வரப்பில் கிடந்தார். துப்பாக்கியின் குழாய் பூவிதழ்போல விரிந்து அப்பால் கிடந்தது. இடது கன்னம் கருகியிருந்தது. அவருடைய இடது கை இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அக்கா சேலையைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். என் ஸ்கூட்டிப் பெட்டியிலிருந்த பேனாவை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து, கட்டுப்போட்ட நேரத்தைச் சுடலையின் நெற்றியில் எழுதினார்.

சுடலை கண்ணைத் திறந்து, "கம்பவுண்டரம்மா வந்துட்டியளா" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். இடது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். பன்றி விரட்ட வைத்த வேட்டு கையில் வெடித்துவிட்டது என்று சுடலையே வாக்குமூலம் கொடுத்தார். துப்பாக்கியைத் தொட்டதாகச் சொன்னால் உன்னையும் உள்ளே வைப்பார்கள் என்று ஜெபமணி அவரிடம் சொல்லியிருந்தார். பிளந்த துப்பாக்கிக்கு ஜெபமணி வேறொரு கதை சொல்லி ஒப்படைத்தார். எல்லாம் நம்பப்பட்டன.

அந்தக் களேபரத்தில், எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்த மறுநாள் விடிந்ததும், கிரேஸ் முதல் பஸ்ஸில் உடன்குடிக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து இரவோடு இரவாகத் திரும்பி வந்து பையைக் கட்டிக் கொடுத்தது அக்காதான். அளவுகள் எழுதிய அந்த மருந்துச்சீட்டுப் புத்தகத்தைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார். கிரேஸ் பிறகு திரும்பவே இல்லை. இரண்டு தடவை கூப்பிடப் போன ஜெபமணியை அவருடைய அண்ணன்மார் அந்தப் புத்தகத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சுடலை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கட்டு மாற்ற அக்கா தினமும் போனார். போகவர நான்கு மைல். ஒருநாள் சாயந்திரம் மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவன் அள்ளுனதப் பாத்தேன், பிள்ள. வாய்வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அவன் கை போகும்னு நெனச்சேன். அந்தக் கைதான்னு நெனச்சேன்."

"கை மட்டும்தானாக்கா?"

சற்றுநேரம் யோசித்தார். பொய்க்காக யோசிக்கிற ஆள் இல்லை அவர். சரியான அளவைத் தேடினார். "இல்ல. உசுரும் போகலாம்னு தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன்."

பிறகு சொன்னார்: "நாளைக்குச் சுடலைட்ட சொல்லப் போறேன். கூட வாரியா?"

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். மலையடிவாரத்தில் சுடலையின் ஓட்டுவீடு. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி வாசலில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பழைய கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவிவிட்டு, புதுத்துணியைக் கையில் எடுத்தவர், அதைச் சுற்றாமல் மடியில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னார். எந்த மருந்து, எந்தக் கரண்டி, எத்தனை தோட்டா, தான் எங்கே உட்கார்ந்திருந்தது, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

சுளகுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

சுடலை வெகுநேரம் தன் கையை, கை முடிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"கம்பவுண்டரம்மா, அன்னைக்குத் துப்பாக்கி மொதலாளி கையிலேயே இருந்து, வெடிச்சு அவரு போயிருந்தா, நீங்க இந்த மாதிரி யார்ட்டயாவது போய்ச் சொல்லியிருப்பியளா?"

நான் அக்காவைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அந்த மனுசர் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் அக்கா.

சுடலை தலையை ஆட்டினார். பிறகு வலது கையால் துண்டை இழுத்து அந்தப் புண்ணின்மேல் போட்டு மூடிக்கொண்டார். அவருடைய மனைவி எழுந்து வந்து, அக்காவின் மடியிலிருந்த துணியையும் மருந்துக் குப்பிகளையும் கத்தரியையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டு, பையை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்.

"நாளையிலருந்து ஆஸ்பத்திரிக்கே போய்க்கிடுதோம்" என்றார். திட்டவில்லை. அழவும் இல்லை.

வாய்க்கால் கரையோடு திரும்பி நடந்தோம். தண்ணீர் முழுசாகப் போய்க்கொண்டிருந்தது. வயலில் அறுப்பு நடந்தது. பாதி வழியில் ஒரு மதகுப் பக்கம் அக்கா நின்றார். பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவன் அள்ளும்போது நீயும் அடுக்களை வாசல்ல நின்னேல்லா?"

"நின்னேன்."

"அந்தக் கரண்டி ஆகாதுன்னு உனக்குச் சொல்லியிருக்கேன்லா?"

"சொல்லியிருக்கீங்க."

அக்கா நடக்கத் தொடங்கினார். நான் அந்த மதகுப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். வெயிலில் அவர் வெகுதூரம் போகும்வரை, திரும்பிப் பார்த்து இன்னும் ஏதாவது சொல்வார், திட்டவாவது செய்வார் என்று காத்திருந்தேன்.